வலி இல்லை என்று சொன்ன ஞாயிறு

ஜூன் 4

ஆண்டவருக்குள் அன்பான அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். பிப்ரவரியில் போனில் சண்டை வந்தபோது, "இனிமே எங்கிட்ட ஏதாவது சொல்லணும்னா எழுதி அனுப்பு, எழுதும்போதாவது யோசிப்பே" என்று சொல்லி வைத்துவிட்டாய். நாலு மாசம் யோசித்தாயிற்று. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. லிஃப்ட் கிரீஸ் நகத்தை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

முதலில் நல்ல செய்தி. எங்கள் சபை வாலிபர் அணி வாலிபாலில் அரையிறுதிக்கு வந்துவிட்டது! பதினாறு சபைகள் ஆடிய போட்டி. போன வருஷம் முதல் ஆட்டத்திலேயே மூட்டை கட்டினோமே, அதே அணிதான். நெட்டுக்கு மேலே எழும்பி நான் அடிக்கிற அடியைப் பார்த்து எனக்கு 'ஸ்பிரிங்' என்று பேர் வைத்துவிட்டார்கள். பாஸ்டர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

இரண்டாவது நல்ல செய்தி, சபையில் கீபோர்டு வாசிக்கிற பெண். அவளைப் பற்றி ஒரு தடவை ஆரம்பித்தேன், "முதல்ல வேலை நிரந்தரமாகட்டும்" என்று வாயை அடைத்தாய். வேலை நிரந்தரமாகிவிட்டது. அவள் வீட்டில் பேசியாயிற்று. அவள் அப்பா தலையை ஆட்டினார். சரி என்ற ஆட்டமா, பார்க்கலாம் என்ற ஆட்டமா என்று எங்கள் இரண்டு பேருக்கும் இன்னும் புரியவில்லை. ஜெபித்துக்கொண்டிருக்கிறோம்.

லிஃப்ட் ரிப்பேர் வேலை அப்படியேதான். ஊரில் எல்லாரையும் மேலே ஏற்றிவிடுகிறவன் படியேறித்தான் போகணும், தெரியுமா? லிஃப்ட் ஓடுகிற கட்டடத்தில் எனக்கென்ன வேலை? நேற்று ஒரே நாளில் ஏழு மாடி, ஒன்பது மாடி, மறுபடியும் அந்த ஏழு மாடி.

அப்பா நன்றாக இருக்கிறார். உன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு சின்ன உதவி. எங்கள் அணியில் ஒரு நண்பனுக்கு வலது முட்டியில் கொஞ்சம் பிசகு. முட்டிக்குப் போடுகிற எலாஸ்டிக் பட்டை ஒன்று, நல்லதாக, உன் ஆஸ்பத்திரிப் பக்கம் வாங்கி அனுப்ப முடியுமா? அவசரமில்லை. ஆனால் சீக்கிரம்.

தம்பி

ஜூன் 11

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. இன்றைக்கு மட்டும் பதினெட்டு முட்டி பார்த்தேன். பிசியோதெரபி அறையில் நாள் முழுக்க "மடக்குங்க, நீட்டுங்க, இன்னும் அஞ்சு தடவை" என்று சொல்லிச் சொல்லி, வீட்டுக்கு வரும் வழியில் படியில் மோதிய பக்கத்து வீட்டு அம்மாவிடமும் "மெதுவா மூச்சு விடுங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் பயந்துபோய் மூச்சு விட்டார்.

பட்டை இத்துடன் வருகிறது. உன் நண்பனுக்கு உன் முட்டி அளவுதான் இருக்கும் என்று நினைத்து வாங்கினேன். சின்ன வயசில் சைக்கிளிலிருந்து விழுந்து மூன்று தையல் போட்ட தழும்பும் அவனுக்கு இருக்குமே?

அவனிடம் இரண்டு கேள்வி கேள். முட்டி நடுவில் பூட்டிக்கொண்டு நீட்ட வராமல் போகிறதா? படி இறங்கும்போது கால் தன் இஷ்டத்துக்கு நழுவுகிறதா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் பட்டை கட்டிக்கொண்டு ஆடக் கூடாது. ஸ்கேன் எடுக்கணும். ஆடினால் என்ன ஆகும் என்று பதினெட்டு பேரைக் கூட்டி வந்து காட்டுகிறேன்.

இன்னொன்று. இந்தப் பட்டை உங்கள் தெருமுனை மெடிக்கல் கடையிலேயே கிடைக்கும். அதை ஏன் ஒரு நாள் ரயில் தூரத்திலிருந்து வரவழைக்கிறாய்? காரணம் எழுது. நான் நினைக்கிற காரணமாக இருக்கக் கூடாது.

அக்கா

ஜூன் 19

அன்பான அக்காவுக்கு,

நண்பன் கதையெல்லாம் உன்னிடம் செல்லாது என்று எனக்கே தெரியும். என் முட்டிதான். படியில் நழுவுகிறது. இரண்டு தடவை பூட்டிக்கொண்டது.

ஏப்ரலில் பயிற்சியில் எழும்பி இறங்கும்போது கால் திரும்பிவிட்டது. வீங்கியது. சபையில் எனக்காக ஜெபித்தார்கள். கீபோர்டு (அவளுக்கு நான் வைத்த பேர்) மூன்று நாள் உபவாசம் இருந்தாள். அந்த ஞாயிறு பாஸ்டர் என்னை முன்னால் கூப்பிட்டு, முட்டியில் கை வைத்து ஜெபித்தார். நீ நம்பினால் நம்பு, வலி போய்விட்டது. சுத்தமாகப் போய்விட்டது! அவர் மைக்கை நீட்டி "இப்போ வலி இருக்கா தம்பி?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். ஒரு குதி குதித்தும் காட்டினேன். சபை முழுக்கக் கை தட்டியது. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அது பொய் இல்லை, அக்கா. அந்த நிமிஷம் எனக்கு வலி இல்லை.

வீட்டுக்குப் போய்ப் படியேறும்போது திரும்பி வந்தது. அதற்குள் சுகமானேன் என்ற என் சாட்சி நாலு சபைக்குப் போய்விட்டது. அடுத்த ஞாயிறு ஒரு அம்மா தன் முழங்காலைக் காட்டி, "உனக்கு ஆன மாதிரி எனக்கும் ஆகணும்ப்பா, நீயே ஜெபம் பண்ணு" என்று கையைப் பிடித்துக்கொண்டார். நான் என்ன சொல்வது? ஜெபித்தேன். முட்டி போடாமல் நின்றுகொண்டு ஜெபித்தேன்.

மெடிக்கல் அண்ணன்தான் எங்கள் சபைச் செயலாளர், உனக்குத் தெரியாததா? அவர் கடையில் போய் முட்டிப் பட்டை கேட்டால் அவர் ஒன்றும் கேட்கமாட்டார். மேலும் கீழும் ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். அப்பாவுடைய சர்க்கரை மாத்திரையையே நான் இரண்டு பஸ் மாறிப் போய் வாங்கி வருகிறேன்.

இதை வைத்துச் சபையைப் பற்றி ஆரம்பிக்காதே. அந்த மைதானமும் அந்தப் பாட்டும் அந்த ஜனங்களும் இல்லாவிட்டால், இந்த மூன்று வருஷம் இந்த வீட்டில் நான் எப்படி இருந்திருப்பேன் என்று உனக்குத் தெரியாது.

தம்பி

ஜூன் 27

தம்பிக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இது நாலாவது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே சபையில், இதே மைக்கில், அப்பா "என் சர்க்கரை வியாதியிலிருந்து ஆண்டவர் விடுதலை கொடுத்தார்" என்று சாட்சி சொன்னார். நீ பக்கத்தில் உட்கார்ந்து கை தட்டினாய். அதற்குப் பிறகு நாலு மாசம் ஒரு மாத்திரை இல்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு நாலும் பைபிளுக்குள் மடித்தபடி இருந்தன. ஒன்றில்கூடக் கடை முத்திரை இல்லை. நான் லீவில் வந்தபோது ஷூவைத் திறந்தால் நாற்றம். இரண்டு விரல் போயிற்று. அந்த நம்பிக்கைக்கு அந்த விலை. இப்போது உன் முறையா?

நீ சொல்கிற அறிகுறிக்கு ஜவ்வு கிழிந்திருக்கும். இன்னும் கிழியும். முட்டி போனால் வாலிபால் மட்டும் போகாது. ஏழு மாடி ஏறி, லிஃப்ட் குழிக்குள் இறங்கி, மண்டியிட்டு எப்படி வேலை பார்ப்பாய்? நிரந்தரமான வேலை என்று மார் தட்டினாயே, நிரந்தரமாகக் கால் வேண்டாமா?

அரையிறுதியில் இறங்காதே. உடனே ஸ்கேன் எடு. சபையில் உண்மையைச் சொல். நீ சொல்லாவிட்டால் நானே உன் பாஸ்டருக்கு எழுதுகிறேன்.

அக்கா

ஜூலை 3

அக்கா,

அரையிறுதியில் ஆடினேன். ஜெயித்தோம். கடைசிப் பாயின்ட் என்னுடையது. மறுநாள் ஆறாவது மாடிப் படியில் கால் மடங்கி, டூல் பாக்ஸோடு உட்கார்ந்துவிட்டேன். அரை மணி நேரம் எழுந்திருக்க முடியவில்லை. உனக்குத் திருப்திதானே?

பாஸ்டருக்கு எழுது. தாராளமாக எழுது. எழுதுவதற்குப் பதில் நேரிலேயே வந்து, நடு ஆராதனையில் என் பேண்ட்டைச் சுருட்டி எல்லாருக்கும் முட்டியைக் காட்டு. அதுதானே உனக்குத் தெரிந்த வழி? அன்றைக்கு ஆராதனை நடுவிலேயே அப்பாவின் ஷூவையும் சாக்ஸையும் கழற்றி, காலைத் தூக்கிப் பிடித்து, "பாருங்க, இதுதான் உங்க சுகம்" என்று கத்தினாயே. சின்னப் பிள்ளைகள் பயந்து அழுதார்கள். நீ அன்றைக்கே ரயில் ஏறிவிட்டாய். ஆபரேஷனுக்கு அப்பா கூட இருந்தது நான்.

நீ சொன்னது சரிதான். நீ சொன்னது எப்போதுமே சரிதான். ஆனால் அன்றிலிருந்து அப்பா அந்தக் காலை என்னிடம்கூடக் காட்டியதில்லை. கதவைச் சாத்திக்கொண்டுதான் கழுவுகிறார். ஷூ நுனியில் துணியைத் திணித்து, நேராக நடந்து சபைக்குப் போகிறார். விரல் இருக்கிறவன் மாதிரி நடக்க அவர் எவ்வளவு கஷ்டப்படுகிறார் என்று உன் பதினெட்டு முட்டிக்கும் தெரியாது.

எனக்கு அலுத்துவிட்டது.

தம்பி

ஜூலை 20

தம்பிக்கு,

நீ இன்னொரு தடவை எழுதுவாய் என்று இரண்டு வாரம் பார்த்தேன். நீ எழுதமாட்டாய் என்று புரிந்தது. அதனால் நான் எழுதுகிறேன்.

பாஸ்டருக்கு நான் எழுதவில்லை. எழுதமாட்டேன்.

இங்கே ஒரு பெரியவர் வருகிறார். தினமும் என்னிடம், "வீட்ல எல்லா பயிற்சியும் பண்ணேம்மா" என்பார். பண்ணுவதில்லை என்று முட்டியைத் தொட்டதுமே தெரியும். போன வாரம் எரிச்சலில், "எதுக்குப் பொய் சொல்றீங்க?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். மறுநாளிலிருந்து அவர் வரவில்லை. அவர் கட்டில் காலியாகக் கிடந்தபோதுதான் உன் ஜூன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். மெடிக்கல் அண்ணன் மேலும் கீழும் பார்ப்பார் என்று எழுதியிருந்தாய் அல்லவா, அந்த இடத்தில் நின்றுவிட்டேன்.

அப்பாவுக்கும் அதே கடைதான், தம்பி. அந்த வயசில் அவர் இரண்டு பஸ் மாறிப் போவாரா? ஆண்டவர் குணமாக்கிவிட்டார் என்று நம்பி மாத்திரையை நிறுத்தினார் என்றுதான் மூன்று வருஷமாக எல்லாரிடமும் சொல்லி வந்தேன். நம்பி நிறுத்தியவர் சீட்டை எதற்கு மாசாமாசம் எழுதி வாங்கி மடித்து வைக்கிறார்? சாட்சி சொன்ன பிறகும் டாக்டரிடம் போயிருக்கிறார். கடைக்குப் போகத்தான் முடியவில்லை.

வெட்கப்பட்டு ஒளித்து வைத்த மனுஷனின் காலைத்தான் நான் நானூறு பேருக்குத் தூக்கிக் காட்டியிருக்கிறேன். அன்றைக்கு எனக்குக் கோபம் பாஸ்டர் மேல். பிடித்து இழுத்தது அப்பாவின் காலை.

ஆடாதே என்று இனி சொல்லமாட்டேன். ஸ்கேன் மட்டும் எடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா

ஜூலை 28

அன்பான அக்காவுக்கு,

உன் கடிதத்தை வேலை நடந்த கட்டடத்து மொட்டை மாடியில், லிஃப்ட் மோட்டார் அறைச் சுவரோரம் உட்கார்ந்து படித்தேன். கீழேயிருந்து "லிஃப்ட் எப்பங்க வரும்?" என்று ஒருவர் கத்திக்கொண்டே இருந்தார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஸ்கேன் எடுத்தேன். நீ சொன்னதுதான். ஜவ்வு கிழிந்திருக்கிறது, உள்ளே மெத்தை போன்ற ஏதோ ஒன்றும் கிழிந்திருக்கிறது. ஆபரேஷன் வேண்டும் என்கிறார்கள். ஆறு மாசம் குதிக்கவே கூடாது. இப்போதே செய்தால் வேலைக்குத் திரும்பலாம், தள்ளிப் போட்டால் உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

முதலில் கீபோர்டிடம் சொன்னேன். உபவாசம் இருந்த பெண்ணாயிற்றே, முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று பயந்தேன். அவள் கொஞ்சம்கூட ஆச்சரியப்படவில்லை. "எனக்குத் தெரியும். ஜெப நேரத்துல எல்லாரும் கண்ணை மூடிடுவீங்க. மெல்லிசா வாசிச்சுக்கிட்டே இருக்கணும்ல, நான் ஒருத்திதான் கண்ணைத் திறந்திருப்பேன். எல்லாரும் முட்டி போடும்போது நீ மட்டும் பெஞ்ச் நுனியில சாய்ஞ்சு நடிச்சுக்கிட்டிருந்தே. மூணு மாசமா பார்க்கிறேன்" என்றாள்.

"அப்புறம் ஏன் கேக்கல?" என்றேன்.

"நீயா சொல்வேன்னுதான். அதுக்கும் சேர்த்துத்தான் ஜெபம் பண்ணிக்கிட்டிருந்தேன்" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். அவள் அழுதது முட்டிக்காக இல்லை, அக்கா. மூன்று மாசம் அவளிடம்கூட நடித்தேனே, அதற்காக.

பாஸ்டரிடமும் போனேன். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்டார். பிறகு, "நான்தானே மைக்கை நீட்டினேன்" என்றார். அப்பாவைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அவரே, "உங்கப்பாகிட்டயும் நான்தான் நீட்டினேன்" என்றார். அவருக்கும் தூக்கம் சரியில்லை போல, முகம் வாடியிருந்தது.

இறுதி ஆட்டம் ஆகஸ்ட் 9, சனிக்கிழமை. நான் இறங்கப் போவதில்லை. அதற்கு முந்தின ஞாயிறு சபையில் சொல்லப் போகிறேன். வாலிபாலில் ஆயிரம் பேர் பார்த்தாலும் பயமில்லை. இவர்கள் நானூறு பேர்தான், எல்லாருக்கும் என்னைத் தெரியும். அதுதான் பயம்.

தம்பி

ஜூலை 31

தம்பிக்கு,

அவசரத் தபாலில் அனுப்புகிறேன், ஞாயிற்றுக்கு முன்னால் கிடைக்க வேண்டும்.

நீளமாகப் பேசாதே. மைக் வேண்டாம். வலி போனது உண்மை, திரும்பி வந்தது உண்மை, சொல்லாமல் விட்டது தப்பு. இது போதும். ஆண்டவருக்காக நீ வக்காலத்து வாங்கவும் வேண்டாம், என்னைப் போலச் சண்டை பிடிக்கவும் வேண்டாம். அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துவிட்டது என்று சொல். கண்ணைத் திறந்துகொண்டு ஜெபம் பண்ணுகிறவள் உனக்குத் தேவைதான்.

ஆபரேஷனுக்கு முன்னால் தொடைக்குச் செய்ய வேண்டிய பயிற்சியைத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன். ஏமாற்றாமல் செய். எனக்குத் தெரிந்துவிடும்.

இன்னொரு விஷயம். எங்கள் பக்கத்து அறையில் ஷூ செய்கிற மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். விரல் இல்லாத இடத்தில் பொருந்துகிற மாதிரி ஷூவுக்குள் வைக்க மெத்தை செய்து தருவார். துணி திணித்தால் கால் உரசும், அப்பாவுக்குப் புண் ஆனால் ஆறாது. அளவு வேண்டும். வெள்ளைத் தாளில் வெறுங்காலை வைத்து, பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு அனுப்ப வேண்டும்.

அப்பா சம்மதிக்கமாட்டார், தெரியும். நான் கேட்டதாகச் சொல்லாதே. இல்லை, சொல். உன் இஷ்டம். வீட்டுக்கு வா என்று அவர் வாயால் ஒரு வார்த்தை வராமல் நான் வரமாட்டேன். அது வீம்பு இல்லை. எந்த முகத்தோடு வருவது?

அக்கா

ஆகஸ்ட் 11

அன்பான அக்காவுக்கு,

முதலில் ஆட்டம். தோற்றுவிட்டோம். பெஞ்சில் உட்கார்ந்து கத்திக் கத்திக் குரல் போய்விட்டது. என் இடத்தில் ஆடியவன் எழும்பவே மாட்டேன் என்கிறான், தரையோடு ஒட்டிக்கொண்டு! கேப்டன் என்னோடு பேசவில்லை. பேசுவான், கொஞ்ச நாளாகும்.

இப்போது அந்த ஞாயிறு. நீ எழுதியபடியே மைக் வாங்கவில்லை. எழுந்து நின்றேன், சொன்னேன். வலி போனது, வந்தது, மறைத்தேன், ஆபரேஷன் இருக்கிறது. இதுவரை யாரும் கை தட்டாத ஒரே ஞாயிறு அதுதான். என்னை ஜெபிக்கச் சொன்ன முழங்கால் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அதைப் பார்த்ததும் எனக்கு உட்காரவும் தெரியவில்லை, நிற்கவும் தெரியவில்லை.

அப்போது பின்னால் பெஞ்ச் நகர்கிற சத்தம். அப்பா எழுந்துகொண்டிருந்தார். அவர் எழுந்து நேராக நிற்க இப்போதெல்லாம் நேரமாகும். எல்லாரும் திரும்பிப் பார்த்தபடி காத்திருந்தார்கள்.

"எனக்கும் அன்னைக்கு சரியாகல. ஒரே வாரத்துல தெரிஞ்சுபோச்சு. மாத்திரை வாங்க வெக்கமா இருந்துச்சு" என்றார். அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார்.

பாஸ்டர் பிரசங்கக் குறிப்பை மூடி வைத்துவிட்டார். கீபோர்டு வாசிக்க ஆரம்பித்தாள், பாட்டு இல்லாமல், வெறுமனே. ரொம்ப நேரம் வாசித்தாள்.

முடிந்து வெளியே வரும்போது மெடிக்கல் அண்ணன் அப்பாவின் வழியை மறித்துக்கொண்டார். அவர் கண் சிவந்திருந்தது. "ஏண்ணே, எங்கடையில வாங்கியிருந்தா நான் யார்கிட்டயாவது சொல்லியிருப்பேனா?"

"சொல்லியிருக்க மாட்டே. ஆனா நீ பார்த்திருப்பே" என்றார் அப்பா.

முழங்கால் அம்மாதான் கடைசியாக வந்தார். என்னைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "எனக்கு எந்த டாக்டரைப் பார்க்கணும்?" என்று கேட்டார். உன் பேர் வாய் வரைக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஒரு வாரம் வீட்டில் அப்பா அதைப் பற்றி மூச்சு விடவில்லை. நேற்று சாயங்காலம் தாளையும் பென்சிலையும் மேஜையில் வைத்து, "அக்கா அளவு கேட்டிருக்கா" என்று மட்டும் சொன்னேன். ரொம்ப நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கதவைச் சாத்தாமல் நாற்காலியில் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றினார். மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்தக் காலை நேற்றுதான் பார்த்தேன். எனக்கு முட்டி போட முடியாததால் தரையில் பக்கவாட்டில் படுத்துக்கொண்டு கோடு போட்டேன். "ஒரு வீட்ல ரெண்டு ஆம்பளைங்க, நல்ல கால் மொத்தம் ரெண்டுதான்" என்று சிரித்தார். அவர் சிரித்தே நாளாகிவிட்டது.

கோடு போட்டு முடித்ததும் பென்சிலைக் கேட்டு வாங்கிக்கொண்டார். வெறுமையாக இருந்த இடத்தில் அந்த இரண்டு விரலையும் தானே வரைந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ரப்பர் கேட்டு, இரண்டையும் அழித்துவிட்டார். அழித்த தடம் தெரியும். வேறு தாளில் போடலாமா என்றேன், வேண்டாம் என்றார். அப்படியே அனுப்புகிறேன்.

குதிகால் பக்கம் சின்னதாக எழுதியிருப்பதை நான் எழுதவில்லை. அவர் கையெழுத்துதான், உனக்கே தெரியும். கண்ணாடி போடாமல் எழுதியதால் கோணலாக இருக்கிறது. உனக்குப் படிக்க வராவிட்டால் என்று இங்கேயும் எழுதிவிடுகிறேன்:

"தாள்ல எடுத்த அளவு சரியா வராதும்மா. நேர்ல வந்து எடு."

தம்பி